பதினேழாம் விதிக்கு ஒரு ராசா

லண்டனில் ஒரு தமிழ்ச் சங்கத்தைத் தொடங்க ஏழு பேர் வேண்டும். உடைக்க இரண்டு பேர் வேண்டும். சட்டனில் இருக்கிற தென்திசைத் தமிழர் ஒன்றியத்துக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் பாலேந்திரா ஒருவரே போதுமாயிருந்தார். தொடங்கினவர் அவர். இருபத்தொரு வருசம் தலைவராக இருந்தவரும் அவர். ஓய்வுபெற்று மகனோடு செவன் கிங்ஸில் போய்க் குடியேறின பிறகும், ஒன்றரை மணித்தியாலம் ரயில் மாறி மாறி வந்து சண்டை பிடித்துவிட்டுப் போகிறவரும் அவர்தான்.

போன வருசப் பொதுக்கூட்டத்தில் அவர் நாலு வாக்கால் தோற்றார். தோற்கடித்தது ஒரு பெண். அதுவும் மன்னார்ப் பெண். அதுவும் வேதக்காரி, கத்தோலிக்கச் சமயம். றோஸ்மலர் என்கிற அந்த மனுசி ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு ஒரு பஸ் நிறையச் சனத்தை ஏற்றிவந்து மண்டப வாசலில் இறக்கிவிட்டார். "பூசையில இருந்து நேர வாக்குப்பெட்டிக்கு. இது நியாயமோ?" என்று பாலேந்திரா கிழமைக்கணக்காகக் கேட்டுத் திரிந்தார். முந்தின இருபத்தொரு வருசமும் கோயில் தேர் முடிந்த கையோடு பொதுக்கூட்டம் வைத்தது ஆர் என்று திருப்பிக் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

றோஸ்மலர் சும்மா இருக்கிற ஆளில்லை. பொங்கல் விழா மேடையில் ஐயருக்குப் பக்கத்தில் ஃபாதருக்கும் ஒரு கதிரை போட்டார். எந்தக் கொடியை ஏற்றுவது என்று பத்து வருசமாக இழுபட்ட சண்டையை, கொடிக்கம்பத்தையே கழற்றி ஸ்டோர் ரூமில் வைத்து முடித்தார். இனிமேல் ஒருத்தரும் இரண்டு வருசத்துக்கு மேல் தலைவராக இருக்க ஏலாது என்று தீர்மானம் போட்டார். சைவக்காரருக்கு முதலாவது கசந்தது, இயக்கக்காரருக்கு இரண்டாவது கசந்தது, பாலேந்திராவுக்கு மூன்றும் கசந்தது.

அப்போதுதான் அவருக்குப் பதினேழாம் விதி ஞாபகம் வந்தது.

ஒன்றியத்தின் யாப்பை, சட்டதிட்டமெல்லாம், அவர்தான் எழுதினவர். 'பிரித்தானியாவில் இருக்கிறோம், அவர்களைப்போல் எங்களுக்கும் மேலே ஒருவர் இருந்தால் அழகு' என்று அந்தக் காலத்தில் ஒரு விதியைச் செருகியிருந்தார். ஒன்றியத்துக்கு ஆயுட்காலக் காப்பாளர் ஒருவர் இருக்கலாம். பொதுக்கூட்டம் கரகோஷம் செய்து அவரை ஏற்கலாம். நிர்வாக சபையைக் கலைக்கும் அதிகாரம் காப்பாளருக்கு உண்டு. தன்னைத் தானே கலைக்கும் தேவை வராதபடியால் இருபத்தொரு வருசமும் அந்தக் கதிரையை அவர் வெறுமையாகவே வைத்திருந்தார். இப்போது அதில் இருத்த ஒரு ஆள் வேண்டும். வாக்குக் கேட்கத் தேவையில்லாத ஆள். பிறப்பாலேயே பெரிய ஆள்.

அந்த ஆளைத் தேடி அவர் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஜதுர்ஷிகாவின் வீட்டுக்கு வந்தார். கூடவே, வீடு விற்றுக் கொடுக்கிற நிசாந்தன் ஒரு தடித்த கோப்பைக் கட்டிப்பிடித்தபடி வந்தான்.

ஜதுர்ஷிகாவுக்கு இருபத்தைந்து வயது. சொந்தத்துக்குள் முதலாவதாகப் பட்டம் எடுத்தவள். பட்டம் எடுத்த நாளிலிருந்து எல்லாரும் படிவம் நிரப்ப அவளிடம்தான் கொடுத்தார்கள். அபிப்பிராயம் மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லுகிற பழக்கம் அதனால்தான் வந்தது. டூட்டிங்கில் மரக்கறிக் கடைக்கு மேலே இருக்கிற ஒரு வழக்கறிஞர் கந்தோரில் குடிவரவுக் கோப்புகள் பார்க்கிறாள்.

"தம்பி சேகரம், உங்கட முழுப் பேர் என்ன?" என்று தேத்தண்ணிக் கோப்பையை ஊதியபடி பாலேந்திரா அவளுடைய அப்பாவைக் கேட்டார்.

அப்பா ஒருதரம் கதவைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"செல்லையா பரராசசேகரம்."

"பிறந்தது?"

"நல்லூர்." படிவத்தில் இருந்து வாசிக்கிற மாதிரி வந்தது.

"கேட்டியோ நிசாந்தன். பரராசசேகரம் எண்டுறது பேரில்லை, பட்டம். யாழ்ப்பாணத்து ராசாக்கள் ஒருத்தர் விட்டு ஒருத்தர் வைச்சுக்கொண்ட பட்டம். பிறந்தது ராசதானி. தகப்பன் செல்லையா. அந்தச் செல்லையாவின்ர பாட்டன்மார் வழியை நான் காணி உறுதி, பழைய தோம்பு எல்லாம் கிளறிப் பாத்திட்டன். பிள்ளை, உன்ர கொப்பர் சாதாரண ஆளில்லை."

"ஓம் அங்கிள், டபுள் டெக்கர் ஓடுறவர்," என்றாள் ஜதுர்ஷிகா.

"மூக்கைப் பார்," என்றான் நிசாந்தன்.

எல்லாரும் அப்பாவின் மூக்கைப் பார்த்தார்கள். குசினி வாசலில் நின்ற அம்மா கனகாம்பிகையும், முப்பது வருசம் பார்த்த மூக்கை அன்றைக்குத்தான் பார்க்கிறதுபோல் எட்டிப் பார்த்தாள்.

திட்டம் சுருக்கமானது. அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் அப்பாவை யாழ்ப்பாணத்து ராச வாரிசாக மேடையேற்றுவது. சனம் கைதட்டக் காப்பாளராக்குவது. காப்பாளர் ஒரு கடிதம் வாசித்து றோஸ்மலரின் சபையைக் கலைப்பது. "சனநாயகம் எங்கட ஆக்களுக்குச் சரிவராது, தம்பி. நாலு பேர் கூட வந்தால் நாங்கள் தோக்கிறம். ராசா எண்டால் எண்ணத் தேவையில்லை," என்றார் பாலேந்திரா.

"எனக்கு வேண்டாம் அண்ணை."

"அப்பிடித்தான் சொல்லவேணும்."

"உண்மையா வேண்டாம்."

"பாத்தியோ அடக்கத்தை."

"அண்ணை, நான் ஷிப்ட் வேலை செய்யிறனான், எனக்கு வேண்டவே வேண்டாம்."

பாலேந்திரா கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "மூண்டு தரம் மறுத்திட்டார். இனிச் சந்தேகமில்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குக் கூச்சமாயிருந்தால் சொல்லுங்கோ. நல்லூரில உங்கட சொந்தக்காரரைத் தேடிப் பிடிச்சு நானே கதைக்கிறன். படத்தையும் அனுப்பிவிட்டால் அவையே உங்களுக்குப் புத்தி சொல்லுவினம்," என்றார். வந்தபோது 'தம்பி' என்றவர் போகும்போது 'ஐயா' என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

கதவு சாத்தின பிறகு அப்பா படிக்கட்டில் இருந்துவிட்டார்.

விசயம் இதுதான். அப்பா பரராசசேகரமும் இல்லை, செல்லையாவின் மகனும் இல்லை, நல்லூரை வாழ்க்கையில் கண்டதும் இல்லை. அவர் பேசாலைக் கடற்கரையில் பிறந்த எட்வேட். சவிரிமுத்துவின் மகன். தொண்ணூறாம் ஆண்டு கொழும்பில் ஒரு ஏஜென்ட் அவருக்கு வேறொருவனின் பாஸ்போர்ட்டைக் கொடுத்து, அதிலிருக்கிற பேர், ஊர், தகப்பன் பேர், பிறந்த திகதி எல்லாவற்றையும் மூன்று நாள் அறையில் பூட்டிவைத்துப் பாடமாக்க வைத்தான். ஹீத்ரோவில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் கிழித்துக் கழிப்பறையில் போடு, பிறகு அதிகாரியிடம் உன் உண்மையான பேரைச் சொல் என்றான். எட்வேட் ஒழுங்காகக் கிழித்தார். ஒழுங்காகப் போட்டார். அதிகாரி முகத்தைப் பார்த்துப் பேர் என்ன என்று கேட்டதும், மூன்று நாள் பாடமாக்கின பேர்தான் வாயில் வந்தது. ஊரும் வந்தது. தகப்பனும் வந்தார். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

நாளைக்குத் திருத்தலாம் என்று நினைத்தார். நாளைக்கு அகதி விண்ணப்பம் வந்தது, பிறகு விசா வந்தது, கலியாணம் வந்தது, மகள் வந்தாள், குடியுரிமை வந்தது. ஒவ்வொன்றும் அந்தப் பேருக்கு ஒரு ஆணி.

பேரோடு சமயமும் வந்தது. நல்லூர்ச் செல்லையாவின் மகன் பூசைக்குப் போனால் சனம் பார்க்கும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் கனகாம்பிகையோடு கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசினார். செபமாலையை பஸ் யூனிபோர்மின் உள் சட்டைப்பையில் வைத்திருந்தார். இடைவேளைகளில் வழியில் இருக்கிற ஒரு தேவாலயத்தின் கடைசி வாங்கில் ஐந்து நிமிசம் இருந்துவிட்டு வருவார்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், எந்த ராச வம்சத்தின் வாரிசென்று பாலேந்திரா அவரைத் தூக்குகிறாரோ, அந்த வம்சத்து ராசா ஒருவன்தான் ஐந்நூறு வருசத்துக்கு முந்தி மன்னாருக்குப் படையோடு வந்து, வேதத்துக்கு மாறின அறுநூறு பேரை வெட்டினவன். அந்த வேதசாட்சிகளைச் சொல்லும்போது நெற்றிக்குப் போகாத கை அந்தக் கரையில் இல்லை.

அம்மாவுக்கு முன்னமே தெரியும். ஜதுர்ஷிகாவுக்கு இதெல்லாம் தெரிய வந்தது மூன்று வருசத்துக்கு முந்தி. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு வழக்கைப் பற்றிச் சொன்னாள்: பொய்ப் பேரில் குடியுரிமை எடுத்த ஒருவருக்கு, அதை ஏன் பறிக்கக்கூடாது என்று ஹோம் ஒபிஸ் கடிதம் போட்டிருக்கிறது, அவருக்கு இங்கே பேரப்பிள்ளைகூட இருக்கிறது என்று. அப்பா சோற்றில் கைவைத்தபடி இருந்துவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னார். அன்றிலிருந்து தபால் விழுகிற சத்தம் கேட்டால் எல்லாருக்கும் முதல் அவள்தான் கதவடிக்கு ஓடுவாள்.

"ஒரு நாளைக்கு மட்டும் ராசாவா இருந்திட்டு விட்டால் என்ன?" என்றாள் அம்மா.

ஜதுர்ஷிகா திரும்பிப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்கு விசரோ?"

"இல்லை, நான் யோசிச்சுத்தான் சொல்லுறன். மாட்டன் எண்டால் அந்த மனுசன் நல்லூருக்குப் படம் அனுப்பும். அங்க இருக்கிறவை இது ஆர் எண்டு கேப்பினம். ஓம் எண்டால் ஒண்டும் கிண்டாது." அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்குள்ளேயே அவள் கூறைச் சேலைப் பெட்டியை மேலிருந்து இறக்கி வைத்திருந்ததுதான் அந்த நியாயத்தின் மேல் ஜதுர்ஷிகாவுக்குச் சந்தேகத்தை வரவழைத்தது.

"நீங்கள் என்னப்பா சொல்லுறியள்?"

"நான் என்னத்தைச் சொல்ல? மூண்டு தரம் வேண்டாமெண்டு சொன்னன்."

"யாழ்ப்பாணத்தாரிட்ட மூண்டு தரம் வேண்டாமெண்டால் பாத்திரம் நிறையப் போடுங்கோ எண்டு அர்த்தம். முப்பத்தஞ்சு வருசம் நல்லூரானா இருந்தும் இதைப் படிக்கேல்லையோ?" என்றாள் ஜதுர்ஷிகா.

அப்பா சிரித்துவிட்டார். அவளுக்கு அதுவும் கோபமாக வந்தது.

மறுநாள் அவள் பாலேந்திராவுக்குத் தொலைபேசி எடுத்து, கந்தோரில் கடுமையான ஆட்களோடு பேசுகிற குரலில் பேசினாள். அப்பா வருவார். ஆனால் பத்திரிகையில் படம் வரக்கூடாது, ஊருக்கு ஒரு வசனம் எழுதக்கூடாது. பாலேந்திராவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "விளங்குது பிள்ளை, விளங்குது. ராச ரகசியம்."

அதோடு அவள் நிற்கவில்லை. அரண்மனைக்குள் இருந்துகொண்டே அரசைக் கவிழ்க்க வேண்டுமென்றால் எதிரிப் படைக்குத்தான் தூது போகவேண்டும். அடுத்த ஞாயிறு தேவாலய மண்டபத்தில் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்த றோஸ்மலரைப் போய்ப் பிடித்தாள்.

"அன்ரி, உங்களுக்கு எதிரா ஒரு சதி நடக்குது. பதினேழாம் விதியைப் பொதுக்கூட்டத்துக்கு முதல் நீக்கிவிடுங்கோ."

"ஏலாது பிள்ளை. விதியை நீக்கவும் பொதுக்கூட்டம் வேணும்." றோஸ்மலர் அவளிடம் ஒரு துவாயைக் கொடுத்தார், கோப்பை துடைக்க. "கொப்பரைத்தான் ராசாவாக்கினமாம்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"நிசாந்தன் ராச முடி தேடி டூட்டிங் முழுக்கத் திரியிறான். பிறகு எனக்குத் தெரியாமல் இருக்குமோ." ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "கொப்பரின்ர தங்கச்சியும் நானும் ஒரே வகுப்பு, பிள்ளை. பேசாலையில."

ஜதுர்ஷிகாவின் கையிலிருந்த கோப்பை நல்லகாலம் பிளாஸ்டிக்.

"இருபது வருசத்துக்கு முதல் இஞ்ச ஒரு மீன் கடையில கண்டனான். எட்வேட் அண்ணை எண்டு கூப்பிட வாயைத் திறந்தன். மனுசன் முகத்தைத் திருப்பிட்டுது. பக்கத்தில நிண்டவர் சேகரம் எண்டு கூப்பிட்டார். சரி, இவருக்கும் அந்தக் கதைதான் எண்டு விளங்கிக்கொண்டு, நான் ரெண்டு கிலோ விளைமீன் வாங்கிக்கொண்டு வந்திட்டன்."

"அன்ரி, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பாலேந்திரா அங்கிள் அன்றைக்கே முடிஞ்சார்."

"ஓம். எட்வேட் அண்ணையும் முடிஞ்சார். தலைவர் வேலை போனால் ஞாயிற்றுக்கிழமையில நான் நித்திரை கொள்ளுவன். அதைத் துடை."

ஜதுர்ஷிகா துடைத்தாள். ஆரோடாவது சண்டை பிடிக்க வந்தவளுக்கு, பிடிக்க ஆளில்லாமல் போய்விட்டது.

பொதுக்கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. நடுவில் ஒரு நடைவழி. வலப்பக்கம் சைவக்காரர், இடப்பக்கம் வேதக்காரர். ஆரும் சொல்லிப் பிரிக்கவில்லை. தண்ணீரும் எண்ணெயும் போல் தானாகப் பிரிந்தது. மேடையில் சிம்மாசனம் என்று இருந்தது கலியாண மண்டபங்களுக்கு வாடகைக்கு விடுகிற மணவறைக் கதிரை, கைப்பிடியில் சிங்கத்தலையோடு. முடி கிடைக்கவில்லை. மாப்பிள்ளைத் தலைப்பாகை ஒன்றுதான் கிடைத்தது. தென்லண்டன் மாப்பிள்ளைமாரில் பாதிப்பேர் வேர்த்த தலைப்பாகை. அதை வைத்துக்கொண்டு அப்பா, பஸ் பழுதாகி நடுவழியில் நிற்கிற சாரதியின் முகத்தோடு இருந்தார். கூறைச் சேலையில் அம்மா முன்வரிசையில் நிமிர்ந்திருந்தாள். பக்கத்தில் கோயில் மாதர் அணித் தலைவி நாகேஸ்வரி.

பாலேந்திரா அரை மணித்தியாலம் பேசினார். பட்டம், ராசதானி, தோம்பு, மூக்கு. தலைமைக் கதிரையில் றோஸ்மலர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு பாலேந்திரா மடித்த தாள் ஒன்றை அப்பாவிடம் நீட்டினார். "அரச பிரகடனம். ஐயா வாசிப்பார். அதுக்குப் பிறகு சபை கரகோஷம் செய்யும்."

அந்தத் தாளை ஜதுர்ஷிகா முதலிலேயே கேட்டு வாங்கி வாசித்திருந்தாள். ஒரு பக்கம்; கெடுதல் இல்லாத பக்கம். மேடையில் அப்பா பிரிக்கும்போது இரண்டு பக்கம் இருந்தது.

முதல் பக்கத்தை அப்பா நன்றாகவே வாசித்தார். இரண்டாம் பக்கத்துக்குப் போனார்.

"மன்னாரிலே மதம் மாறிய அறுநூறு துரோகிகளின் தலையைக் கொய்து..."

அப்போதுதான் அவளுக்குச் சதியின் முழு அழகும் விளங்கியது. இந்த வசனத்தைக் கேட்டதும் இடப்பக்கம் கோபித்து எழுந்து போகும். மிஞ்சியிருக்கிற வலப்பக்கம் கைதட்டும். கரகோஷம் ஏகமனதாக இருக்கும். பாலேந்திரா இடப்பக்கத்தை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் முறுமுறுத்தது; சிலர் கைப்பையை எடுத்தார்கள்.

அப்பா அடுத்த சொல்லை வாசிக்கவில்லை. அவருடைய வலக்கை தாளை விட்டுவிட்டு, ஆரையும் கேளாமல், நெற்றிக்குப் போனது. பிறகு நெஞ்சுக்கு. பிறகு இடத்தோளுக்கு, வலத்தோளுக்கு. கடைசியில் பெருவிரல் உதட்டைத் தொட்டது.

திருநீற்றுத் தட்டோடு படியேறின ஐயர் ஒரு காலை மேலே வைத்தபடி நின்றுவிட்டார்.

"சிலுவையெல்லோ போட்டவர்," என்றாள் நாகேஸ்வரி. "என்ர கண்ணால கண்டனான்."

"ஐயா," என்று பாலேந்திரா கிட்ட வந்தார். "இப்ப என்ன செய்தனீங்கள்? நீங்கள்... நீங்கள் உண்மையில ஆர்?"

அந்தக் கேள்விக்கு முப்பத்தைந்து வருசமாகப் பாடமாக்கின பதில் இருந்தது. ஆனால் அப்பாவின் வாய் இந்தமுறை வேறொரு பதிலுக்குத் திறக்கிறதை ஜதுர்ஷிகா கண்டாள். இன்னும் ஒரு நொடி விட்டால் ஏஜென்ட், பாஸ்போர்ட், ஹீத்ரோ எல்லாம் ஒலிவாங்கியில் வந்துவிடும். முன்வரிசையில் மூன்று பேர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள்.

"அப்பா வேதத்துக்கு மாறிட்டார்."

இருநூறு முகம் திரும்பியது.

"எப்ப?" என்றார் பாலேந்திரா.

"போன மாசம். உங்களுக்குச் சொல்ல வெக்கப்பட்டவர். நீங்கள் கேட்டால்தானே சொல்லுறதுக்கு. வந்தீங்கள், மூக்கைப் பாத்தீங்கள், போனீங்கள். சமயம் என்ன எண்டு ஆராவது கேட்டனீங்களோ?"

நாகேஸ்வரி அம்மாவின் பக்கம் திரும்பினாள். "கனகாம்பிகை, உமக்கும் தெரியுமே?"

"என்னட்டக்கூட ஒரு சொல்லுச் சொல்லேல்ல அக்கா," என்று அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்தி அழுதாள். போன சிம்மாசனத்துக்காக வந்த கண்ணீர், ஆனபடியால் சுத்தமான கண்ணீர்.

றோஸ்மலர் நிதானமாக எழுந்தார். "இதில அதிசயப்பட என்ன இருக்கு? யாழ்ப்பாணத்தின்ர கடைசி ராசாவும் கோவாவில சாகமுதல் ஞானஸ்நானம் எடுத்தவரெல்லோ. குடும்பமும் வேதத்துக்கு வந்ததுதான். அந்த வழியில வந்தவர் எப்பிடி இருப்பார்? இப்பிடித்தான் இருப்பார். பாலேந்திரா அண்ணை சொன்னது அவ்வளவும் சரி எண்டுறதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

இடப்பக்கத்தின் கடைசி வரிசையில், ஊன்றுகிற பொல்லை மடியில் வைத்திருந்த ஒரு கிழவர் கைதட்டினார். மெதுவாக, ஆனால் நிறுத்தாமல். அவருக்கு முன்னால் இருந்த இருவர் சேர்ந்தார்கள். எழுந்து போகக் கைப்பை எடுத்தவர்கள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள். இரண்டு நிமிசத்துக்கு முந்தி மேடையைக் கொளுத்த நின்ற இடப்பக்கம் முழுவதும் எழுந்து நின்று ராசாவுக்குக் கரகோஷம் செய்தது. வலப்பக்கம் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தது. ஒருநாளும் ராசாவைக் கேளாத வேதக்காரர் ராசபக்தர் ஆனார்கள். ராசாவைக் கொண்டுவந்த சைவக்காரர் ஒரே நொடியில் குடியரசுக்காரர் ஆனார்கள்.

பாலேந்திரா ஒலிவாங்கியைப் பறித்தார். "நிப்பாட்டுங்கோ. இந்தக் கரகோஷம் செல்லாது."

"ஏன் செல்லாது அண்ணை? பதினேழாம் விதி," என்றார் றோஸ்மலர்.

"அந்த விதியை எழுதினது நான். எழுதினவன் சொல்லுறன், அது பிழையான விதி. இந்த நூற்றாண்டில ராசா என்ன ராசா? பிறப்பால ஒருத்தன் பெரியவனோ? நாங்கள் இந்த நாட்டுக்கு என்னத்துக்கு வந்தனாங்கள்? வாக்கு எண்டு ஒண்டு இருக்கு. எண்ணவேணும். ஒவ்வொரு ஆளா எண்ணவேணும்."

"விதியை நீக்கச் சொல்லி முன்மொழியிறீங்களோ?"

"முன்மொழியிறன்."

"நான் வழிமொழியிறன். கையை உயர்த்துங்கோ."

இருபத்திரண்டு வருசத்தில் அந்த ஒன்றியத்தில் ஏகமனதாக நிறைவேறின முதல் தீர்மானம் அதுதான். தலைப்பாகையோடு சிம்மாசனத்தில் இருந்த அப்பா எல்லாருக்கும் முதல் கையைத் தூக்கினார், தன்னைத் தானே நீக்குவதற்கு. ஆக மொத்தம் பதினொரு நிமிசம் ஆண்டார்.

வீடியோ அன்றைக்கே உலகம் சுற்றியது. அடுத்த மூன்று கிழமையும் ஜதுர்ஷிகா தபாலைப் பார்த்துப் பார்த்து நகத்தைக் கடித்தாள். ரொறன்ரோவிலிருந்து சிட்னி வரைக்கும் சனம் அலசி எடுத்தது: காசு கொடுத்து மாற்றினார்களா, பெஞ்சாதி இனி என்ன செய்வாள், நாளைக்கு மகளுக்கு எந்த முறையில் கலியாணம். நாகேஸ்வரி வீடு தேடிவந்து ஒரு மணித்தியாலம் அழுதுவிட்டுப் போனாள். ஆனால் அவர் பேர் உண்மையில் பரராசசேகரமா என்று ஒரு காக்கைக் குஞ்சுகூடக் கேட்கவில்லை. சமயம் மாறினவனிடம் எங்கட சனம் சமயத்தைத் தவிர வேறொன்றையும் தேடாது. இவ்வளவு காலமும் இந்தச் சனத்தின் வாயைப் பார்த்து அவள் எரிந்தாள். முதல் தடவையாக அந்த வாய்க்கு நன்றி சொன்னாள், அதுவும் எரிச்சலோடுதான்.

நாலாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை அப்பா முன்வாசலால் தேவாலயத்துக்குப் போனார். திருட்டுத்தனமாக இல்லை, இடைவேளையில் இல்லை. அம்மாவும் திருநீற்றோடும் பொட்டோடும் பக்கத்தில் வந்து இருந்தாள். "எழும்பு, இரு, முழங்கால் போடு. இது கோயிலோ உடற்பயிற்சியோ?" என்று ஜதுர்ஷிகாவின் காதில் முணுமுணுத்தாள். ஃபாதருக்கு முந்தின நாளே பாவசங்கீர்த்தனத்தில் அப்பா எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். மறுபடி ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்று மட்டும் அவர் சொல்லிவிட்டார். மற்ற ஆட்களுக்கு அப்பா புதிதாக வந்தவர். இருபது வயதுப் பெடியன்கள் வந்து எப்போது எழும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்பாவும் அங்கங்கே பிழைவிட்டு எழும்பினார், கொஞ்சம் அதிகமாகவே.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுத்தார்கள். பங்குச் சபைப் பதிவுகள் பார்க்கிற துசியந்தி கொப்பியோடு வந்தாள். சட்டனில் பிறந்த பிள்ளை, ஒன்றும் தெரியாது.

"அங்கிள், உங்களுக்கு ஒரு வேதப் பேர் வைக்கோணும். எங்கட பங்குக் கொப்பியில எழுதுறதுக்கு மட்டும். என்ன பேர் விருப்பம்?"

அப்பா வாயைத் திறக்க முதல் மூன்று மூலையிலிருந்து மூன்று கிழவர்களின் குரல் ஒரே நேரத்தில் வந்தது.

"எட்வேட்."

ஜதுர்ஷிகா திரும்பிப் பார்த்தாள். பொல்லை மடியில் வைத்திருந்தவர் தேத்தண்ணியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் நின்ற இன்னொருவர் றோல்ஸில் மும்முரமாக இருந்தார். மூன்றாமவர் இருமினார். கோப்பை கழுவுகிற இடத்தில் றோஸ்மலரின் முதுகு மட்டும் தெரிந்தது, குலுங்கிக்கொண்டிருந்தது.

"சும்மா வாயில வந்தது பிள்ளை," என்றார் பொல்லுக்காரர். "நல்ல பேர்தானே."

"நல்ல பேர்," என்றார் அப்பா.

துசியந்தி பேனாவைத் திறந்தாள். "எப்பிடி எழுதுறது அங்கிள்? ஸ்பெலிங் சொல்லுவீங்களோ?"

அப்பா கோப்பையை மேசையில் வைத்தார். அவளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அவசரப்படவில்லை.